மிசினில் இல்லாத பழுது
வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உதிரிப்பாகங்களின் விலை கேட்டவர்களுக்குத் தனியே தபாலில் எழுதிவிட்டேன்.

கேள்வி: என் தோட்டக் கிணற்றில் மண்ணெண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பி பூட்டியிருக்கிறேன். மாசி, பங்குனியில் நன்றாக இறைக்கிறது. ஆடி, ஆவணியில் மிசின் ஓடுகிறது, தண்ணீர் வருவதில்லை. இரண்டு வருடமாக மெக்கானிக்குகளை மாற்றி மாற்றிக் காட்டினேன். வாசர், குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு, உள்ளே சுழலும் இம்பெல்லர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. மிளகாய்க் கன்றுகள் வாடுகின்றன. இன்னும் கூடிய குதிரைவலு உள்ள மிசின் வாங்கட்டுமா?
– விவசாயி ஒருவர், கனகபுரம்

பதில்: வாங்க வேண்டாம் ஐயா. காசைப் பெட்டியில் வைத்துவிட்டு ஒரு கயிறு எடுங்கள். நுனியில் ஒரு கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சாகப் போடுங்கள். பம்பி இருக்கும் மட்டத்திலிருந்து தண்ணீரின் மேல்மட்டம் வரை எத்தனை முடிச்சு என்று எண்ணுங்கள். பங்குனியில் ஒரு தடவை, ஆனியில் ஒரு தடவை, பம்பி மறுக்கும் அந்த நாளிலேயே ஒரு தடவை. மூன்றாவது எண்ணிக்கை இருபத்து மூன்று, இருபத்து நான்கைத் தொட்டால் உங்கள் மிசினில் ஒரு பழுதும் இல்லை. இல்லாத பழுதுக்குத்தான் இரண்டு வருடம் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

பம்பி தண்ணீரை இழுக்கிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்தச் சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. பம்பி செய்வது குழாய்க்குள் காற்றின் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. கிணற்றுத் தண்ணீரின் மேல் நிற்கும் வெளிக்காற்று தன் பாரத்தால் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. அந்தக் காற்றின் பலத்துக்கு எல்லை உண்டு. கடல் மட்டத்தில் அது 10.3 மீற்றர், அதாவது ஏறக்குறைய 34 அடி உயரத் தண்ணீரைத்தான் தாங்கும். அதுவும் குறை எதுவும் இல்லாத குழாயில். குழாயின் வளைவும் உராய்வும் ஃபுட் வால்வும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்ட பிறகு 7 மீற்றர் கிடைத்தாலே பெரிய காரியம். மூன்று குதிரைவலு மிசினுக்கும் பத்துக் குதிரைவலு மிசினுக்கும் மேலே நிற்பது ஒரே காற்றுத்தான்.

உங்களுக்கு வந்த இதே சந்தேகம் 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பம்பி செய்தவர்களுக்கும் வந்தது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. கலிலியோவும் இதைப் பற்றி யோசித்தார். அவருக்குப் பின் வந்த டொரிசெல்லி 1643 இல் செய்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பத்து மீற்றர் உயரக் குழாயோடு அவர் மல்லுக்கட்டவில்லை. தண்ணீரைவிட 13.6 மடங்கு பாரமான பாதரசத்தை எடுத்தார். பத்து மீற்றர்ப் பிரச்சினை 76 சென்ரிமீற்றராகச் சுருங்கி மேசைமேல் வந்து நின்றது. கையில் அடங்காத பிரச்சினையை வேறொரு பொருளால் கைக்கு அடக்கமாக்கினார். தொழில்நுட்பத்தில் கற்பனை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கண்ணாடிக் குழாய்தான்.

சரி, உங்கள் மிளகாய்க்கு என்ன வழி? பம்பியைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். இந்த இடத்தில் நான் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல் எதில் ஓடும் மிசினையும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் பலருக்கு இந்த யோசனை வந்து, அது அவர்களின் உயிரைக் குடித்திருக்கிறது. புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக அது பற்றிக்கொள்ளும். மேலே சோளகக் காற்று பனையை முறித்தாலும் கிணற்றின் அடியில் காற்று அசையாது. மிசினை நிறுத்த இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். மின்சாரம் எட்டும் தோட்டம் என்றால் தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் மின்பம்பி வாங்குங்கள். அது தண்ணீரைக் கீழிருந்து தள்ளுவதால் இந்த 34 அடிக் கணக்கு அதற்கு இல்லை. மின் ஒழுக்கு ஏற்பட்டால் தானாக அறுக்கும் சுவிட்ச் இல்லாமல் அதைப் பூட்டவே கூடாது. வயரிங்கைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறேன். செயற்திட்டத்துக்குப் "புதிதாக ஏதாவது யோசியுங்கள்" என்று ஆசிரியர் சொல்கிறார். மற்றப் பிள்ளைகளுக்கு யோசனை வருகிறது; எனக்கு வெறுமையாக இருக்கிறது. இது பிறவியிலேயே வர வேண்டிய திறமையா?
– மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: இல்லை பிள்ளை. 1990களில் இந்த மண்ணில் வாழ்ந்த ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தால் அதைக் கரண்டிக் கணக்கில் செலவழித்தோம். அப்போது வீட்டுக்கு வீடு ஒரு ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. உங்கள் அம்மம்மாவைக் கேளுங்கள், செய்தே காட்டுவார். வாய் அகன்ற ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டியெடுத்த வால்வுக்குள் நூல்திரி. அது பஞ்சைத் தொட்டபடி நிற்கும். சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது. தட்டுப்பட்டு விழுந்தாலும் சிந்துவதற்கு எண்ணெய் இல்லை. அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று வைத்தியர்களாக இருக்கிறார்கள்.

அந்த விளக்கைப் பிரித்துப் பாருங்கள். போத்தல் காற்றை மறிக்கிறது, பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைக்கிறது, வால்வு திரியை நிமிர்த்தி வைக்கிறது. மூன்றும் தங்கள் பெயருக்கான வேலையை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கின்றன. யோசனை என்று உங்கள் ஆசிரியர் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

1931 இல் நோர்மன் மேயர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கூரையிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும். இரண்டின் நுனிகளையும் சேர்த்து முடிய வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றது கைக்கு எட்டாது. அறையில் சில பொருட்கள் கிடக்கும். அவற்றில் ஒரு குறடு. குறட்டை ஒரு கயிற்றின் நுனியில் கட்டி ஊஞ்சல்போல ஆட்டிவிட்டு, மற்றக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றால், ஆடி வருவதைப் பிடித்துவிடலாம். பலருக்கு இது தோன்றவில்லை, ஏனென்றால் குறடு அவர்களுக்குக் குறடாகவே தெரிந்தது. பிறகு மேயர் நடந்து போகும்போது தற்செயலாகப் படுவதுபோல ஒரு கயிற்றில் மெல்ல உரசிச் சென்றார். கயிறு அசைந்தது. சற்று நேரத்தில் பலருக்கு விடை வந்துவிட்டது. அந்த அசைவுதான் தமக்கு உதவியது என்பதுகூட அவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியவில்லை.

ஆகையால் உங்களுக்கு ஒரு பயிற்சி. இன்று இரவு ஒரு குறட்டை முன்னால் வைத்து, "குறடு" என்ற சொல்லை எழுதாமல் அதை விபரியுங்கள். பாரமானது. இரும்பு. மின்சாரத்தைக் கடத்தும். நடுவில் ஆணி உள்ள இரண்டு நெம்புகோல்கள். காந்தம் பிடிக்கும். சூடாக்கினால் சூட்டை வைத்திருக்கும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அந்தத் தன்மை எங்கே தேவைப்படும் என்று எழுதுங்கள். ஒரு வாரம், ஒரு நாளைக்கு ஒரு பொருள். கொப்பி நிரம்பும்போது வெறுமை போய்விடும்.

இன்னொன்று: யோசனை வந்த அன்றே வேலை முடிந்துவிடாது. 1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு கொட்டிலில் பட்டறை வைத்திருந்தேன். அங்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்கலாம் என்று முயன்றோம். ரேடியோ பேசவில்லை, உறுமியது. டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், ரேடியோ கேட்பது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். செத்த ரேடியோ ஒன்றிலிருந்து மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டுகள் நான்கையும் அதைச் சீராக்கும் கொள்ளளவி ஒன்றையும் கழற்றிப் பற்றவைத்த பிறகுதான் குரல் தெளிந்தது. அண்டை வீட்டுப் பையன் மிதியைக் கையால் சுற்ற, பதினைந்து பேர் சுற்றி நின்று கேட்டோம். அவன் களைத்தால் செய்தியும் களைக்கும். யாராவது உடனே ஓடிப்போய்க் கை கொடுப்பார்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் இளைஞர்களுக்குப் புத்தாக்கப் போட்டி வைக்கிறோம். பரிசுத் தொகையைக் கூட்டினால் நல்ல யோசனைகள் வருமா?
– நிர்வாக உறுப்பினர், முழங்காவில்

பதில்: கூடவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1962 இல் சாம் குளுக்ஸ்பேர்க் இதைச் சோதித்தார். ஒரு மெழுகுதிரி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையச் சிற்றாணிகள். மெழுகுதிரியைச் சுவரில் பொருத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து சுவரில் அறைந்து அதையே தட்டாக்குவதுதான் விடை. பரிசு உண்டு என்று சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்றரை நிமிடம் பிந்தினார்கள். ஆனால் ஆணிகளை வெளியே எடுத்து, காலிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தபோது பரிசுக்காரர்களே முந்தினார்கள். வழி தெரிந்த வேலைக்குக் காசு வேகம் கொடுக்கும். வழி தெரியாத வேலையில் அது கண்ணை ஒடுக்கிவிடும். அந்தப் பணத்தில் ஒரு துளையிடும் இயந்திரமும் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்றும் வாங்கி நிலையத்தில் வையுங்கள். மாலையில் திறந்து விடுங்கள்.

கேள்வி: ஒரு கராஜில் வேலை பழகி மூன்று வருடம். எந்த மிசின் வந்தாலும் எங்கள் முதலாளி ஒரே ஒழுங்கில் கழற்றி, ஒரே சாமான்களை மாற்றுவார். பெரும்பாலும் சரியாகிவிடும். சில வேளை எனக்கு வேறு காரணம் தெரிகிறது. சொன்னால் "நேற்று வந்தவன்" என்கிறார். அனுபவத்தை நம்புவதா, என் கண்ணை நம்புவதா?
– மெக்கானிக், மல்லாவி

பதில்: தம்பி, உங்கள் முதலாளியின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஊர் திரும்பிய பிறகு, 2011 இல், உருத்திரபுரத்திலிருந்து இரண்டு சில்லு உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டர் ஒன்று பட்டறைக்கு வந்தது. காலபோக விதைப்பு நெருங்கிய நேரம். ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு இரண்டு மூன்று தடவை இருமி நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மீண்டும் ஓடும். டீசல் வடியை, அதாவது ஃபில்டரை, கழற்றிக் கழுவினேன். புது வடி போட்டேன். குழாயில் காற்று எடுத்தேன். இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் போய்விட்டது. பக்கத்து வயல்காரர்கள் உழுது முடித்துவிட்டார்கள். அந்த மனிதர் என் பட்டறை வாசலில் தலையில் கை வைத்தபடி இருந்தார்.

மூன்றாம் நாள் அவருடைய மகளும் கூட வந்தாள். பத்து வயது இருக்கும். கவிழ்த்து வைத்த வாளியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, நீங்கள் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் ஓடுகிறது" என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் "உஸ்" என்று ஒரு சத்தம் வந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். காற்றுப் போவதற்கு அதில் ஊசி நுழையும் அளவு துளை ஒன்று இருக்க வேண்டும். அதைக் குளவி மண்ணால் மெழுகி அடைத்திருந்தது. டீசல் இறங்க இறங்கத் தாங்கிக்குள் காற்று நுழைய வழியில்லை. உள்ளே அழுத்தம் குறைந்து டீசல் நின்றுவிட்டது. கனகபுரத்து ஐயாவின் கிணற்றில் தண்ணீரைத் தள்ளும் அதே காற்று, இங்கே தள்ள வழியில்லாமல் வெளியே நின்றது. அந்தப் பிள்ளையின் சட்டையில் குத்தியிருந்த ஊசியை வாங்கித்தான் துளையைத் திறந்தேன். அன்று மாலையே மிசின் வயலில் நின்றது.

நான் ஏன் காணவில்லை? இருபது வருடத்துக்கு மேலாக "ஓடி நிற்கிறது" என்றால் வடியில் அழுக்கு என்பதே விடையாக இருந்தது. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. ஏபிரகாம் லூச்சின்ஸ் 1942 இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் முதலாளியோடு தேநீர் குடிக்கும்போது செய்து பாருங்கள். மூன்று பாத்திரங்கள்: 21, 127, 3 அளவு கொள்பவை. சரியாக 100 அளவு தண்ணீர் வேண்டும். 127இலிருந்து 21ஐ ஒரு தடவையும் 3ஐ இரண்டு தடவையும் ஊற்றியெடுத்தால் 100. இதே வழியில் தீரும் கணக்குகளை ஐந்தாறு கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 அளவுப் பாத்திரங்களைக் கொடுத்து 20 வேண்டும் என்று கேளுங்கள். 49இலிருந்து 23, 3, 3 என்று கழித்துக்கொண்டிருப்பார்கள். 23இலிருந்து 3ஐ எடுத்தால் 20. முன் கணக்குகளைச் செய்யாமல் புதிதாக வருபவர் உடனே சொல்லிவிடுவார்.

அதனால் அனுபவத்தை ஒதுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நூறு மிசினில் தொண்ணூறை உங்கள் முதலாளியின் ஒழுங்குதான் விரைவாகத் திருத்தும். அந்த ஒழுங்கு ஒரு தடவை தோற்றவுடன் கையிலிருக்கும் ஸ்பானர் சாவியைக் கீழே வைக்க வேண்டும் என்பதே நான் அந்தப் பிள்ளையிடம் கற்றது. இப்போது என் பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. எப்போது நிற்கிறது, எப்போது மீண்டும் ஓடுகிறது, அதற்குச் சற்று முன் யார் என்ன செய்தார்கள் என்ற மூன்றையும் எழுதிய பிறகுதான் சாவி எடுக்க அனுமதி. உங்கள் முதலாளியிடம் வாடிக்கையாளர் முன்னால் எதுவும் சொல்லாதீர்கள். கராஜ் பூட்டும் நேரத்தில், "இதை எனக்கு விளக்குங்கள் அண்ணை, இது ஏன் இப்படி?" என்று கேளுங்கள். விளக்கத் தொடங்கினால் அவரே கண்டுபிடிப்பார்.

கேள்வி: புத்தாக்கத்துக்கு ஒழுங்கான முறை ஏதும் இருக்கிறதா? அல்லது ஜாம் போத்தல்போலத் தேவை வரும்போது தானாக வருவதா?
– பொறியியல் பீட மாணவன், அறிவியல்நகர், கிளிநொச்சி

பதில்: முறை இருக்கிறது, அதை உண்டாக்கியவரின் கதையும் நம் கதைபோல நெருக்கடியானது. கென்ரிக் அல்ட்சுல்லர் சோவியத் கடற்படையில் புத்தாக்க விண்ணப்பங்களைப் பரிசீலித்தவர். 1946 இல் தொடங்கி ஏராளமான காப்புரிமைகளை ஆராய்ந்து, வெவ்வேறு துறைகளில் ஒரே வகைத் தீர்வுகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். நாட்டின் புத்தாக்க நிலைமையைக் குறை சொல்லி ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். 1950 இல் கைதாகி வொர்க்குட்டா கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1954 இல் விடுதலையானார். அவர் வளர்த்தெடுத்த முறைக்கு ட்ரிஸ் என்று பெயர். நாற்பது தீர்வுக் கோட்பாடுகளை அவர் தொகுத்துத் தந்திருக்கிறார். அவற்றை நீங்கள் மனனம் செய்ய வேண்டியதில்லை. அவருடைய அடிப்படைக் கேள்வி ஒன்றே போதும்: இங்கே முரண்பாடு எது?

நமது குளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குளக்கட்டுக்குக் கீழால் வயலுக்குப் போக வேண்டும். குளம் நிரம்பியிருக்கும்போது அது பெரும் அழுத்தத்தோடு வரும். கதவை வெளிப்பக்கம் வைத்தால் கட்டின் வயிற்றுக்குள் ஓடும் மதகு முழுவதும் அந்த அழுத்தம் நிற்கும். ஒரு கல் விலகினாலும் மண் கரைந்து கட்டே போய்விடும். தண்ணீர் போக வேண்டும், அதன் பலம் கட்டுக்குள் போகக்கூடாது. இதுதான் முரண்பாடு. இதை எங்கள் தீவின் பழைய குளங்களைக் கட்டியவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்தார்கள். கட்டின் உட்பக்கத்தில், நீர் நுழையும் மதகுக்கும் வெளியேறும் மதகுக்கும் நடுவே கற்பலகைகளால் ஒரு சதுரக் கிணறு. சிங்களத்தில் அதைப் பிசோகொட்டுவ என்பார்கள். நீரை அங்கேயே கட்டுப்படுத்திவிட்டால், அதற்கு அப்பால் அது அடங்கிய வாய்க்கால் நீராகப் போகும். வவுனிக்குளம் போன்ற பழைய குளங்களை ஆராய்ந்த ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர், இக்காலத்து வால்வுக் கிணறு செய்யும் வேலையையே அது செய்ததாக விளக்கினார். கட்டை இன்னும் தடிப்பாக்குவோம், கல்லை இன்னும் பெரிதாக்குவோம் என்று அவர்கள் போகவில்லை. முரண்படும் இரண்டையும் இடத்தால் பிரித்துவிட்டார்கள்: அழுத்தம் கிணற்றுக்கு இந்தப் பக்கம், ஓட்டம் அந்தப் பக்கம்.

உங்கள் பீடத்தைச் சுற்றிலும் வயல்தான். சேற்றில் ஓடும் உழவு இயந்திரத்துக்கு ஏன் கூடுபோன்ற இரும்புச் சில்லு பூட்டுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பிடி வேண்டும், தாழக்கூடாது. அங்கே முரண்பாட்டை எது பிரிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. மின்விசிறி, ரேடியோ, கடிகாரம் எதையும் விடமாட்டான், கழற்றிவிடுகிறான். பாதி திரும்பப் பூட்டப்படுவதில்லை. அடிப்பதா, விடுவதா?
– தாய் ஒருவர், மாங்குளம்

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. அந்தக் கைக்கு ஒழுங்கு மட்டும் கொடுங்கள். பழைய முட்டைத் தட்டு ஒன்று போதும். கழற்றும் ஒவ்வொரு ஆணியையும் கழற்றிய வரிசையில் குழிக்குள் வைத்துக்கொண்டு போகட்டும். பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வரட்டும். ஓடும் சாமானில் கை வைப்பதற்கு முன், செத்த சாமான் மூன்றைக் கழற்றிப் பூட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய ஒலிபெருக்கி ஒன்றைக் கொடுத்தால் அதன் காந்தமே ஒரு மாதத்துக்குப் போதும். சுவர் மின்சாரத்தில் செருகியிருக்கும் எதையும் திறக்கக்கூடாது. பழைய பெட்டித் தொலைக்காட்சியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் செருகியைக் கழற்றிய பிறகும் திறக்கக்கூடாது. உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும்.

எங்கள் மண்ணுக்கென்றே இன்னொரு சட்டமும் உண்டு. காட்டிலோ வயலிலோ குளக்கரையிலோ கிடக்கும், என்னவென்று தெரியாத இரும்பையும் பிளாஸ்டிக்கையும் தொடக்கூடாது; போரில் வெடிக்காமல் கிடந்த வெடியாக இருக்கலாம். கழற்றிப் பார்க்கும் ஆசை உள்ள பிள்ளைக்கு இதை நாளைக்கு ஒரு தடவை சொன்னாலும் மிகை இல்லை. கண்ட இடத்தில் நின்று, வந்த அடியிலேயே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: மிதிவெடி அகற்றும் பணியில் ஏழு வருடமாக இருக்கிறேன். சாதாரணதரம் வரைதான் படித்தேன். வாரியால் மண்ணைச் சுரண்டியபடி நாள் முழுவதும் முழங்காலில் நிற்க வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் ரியூப்பிலும் தும்பிலும் முழங்காலுக்கு ஒரு திண்டு செய்து வீட்டில் போட்டுப் பார்த்தேன், நல்ல சுகம். ஆனால் இதெல்லாம் பொறியியலாளர்களின் வேலை, நாங்கள் சொன்னதைச் செய்பவர்கள்தானே என்று தோன்றுகிறது.
– பணியாளர் ஒருவர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: தங்கச்சி, உங்கள் கையிலிருக்கும் வாரியைப் பாருங்கள். உலகம் முழுவதும் வெடி தேட உலோகம் காட்டும் கருவியைத்தான் முதலில் எடுப்பார்கள். எங்கள் மண்ணில் ஷெல் துண்டும் ரவைக் கோதும் கம்பியும் நிறைந்து கிடந்தன. கருவி அடிக்கு அடி கத்தியது. தேடப்படும் வெடியோ பிளாஸ்டிக் உடலில் மிகக் குறைந்த உலோகத்தோடு இருந்தது. "உலோகம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு காணிக்கு ஒரு வருடம் போயிருக்கும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "மேலிருந்து அழுத்தாமல் மண் முழுவதையும் எப்படி எடுப்பது?" என்று கேட்டார்கள். தோட்டத்தில் சருகு வாரும் கருவி அதற்கு விடையாகிவிட்டது. மிதிவெடி மேலிருந்து மிதித்தால் வெடிக்கும். முன்பக்கத்திலிருந்து மண்சுவரை மெல்லச் சுரண்டி வந்தால் அதன் பக்கம்தான் முதலில் தெரியும். இதை எனக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். பயிற்சியும் கவசமும் உள்ள உங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்பதை மற்ற வாசகர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

படிப்பைப் பற்றிச் சொன்னீர்கள். ஜெய்ப்பூர்க் கால் என்ற செயற்கைக் கால் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்களில் எத்தனை பேர் அதில் நடக்கிறார்கள். 1960களின் இறுதியில் அதை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தி. மற்றவர் ராம் சந்திரா, பள்ளிப்படிப்பு மிகக் குறைந்த கைவினைஞர். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு குந்தியிருக்க முடியாது, சம்மணம் கட்ட முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. அவர்கள் ரப்பரால் பாதம் செய்தார்கள். அது வெறுங்காலாகவே நடந்தது. வைத்தியர் எலும்பை அறிந்திருந்தார். கைவினைஞர் ரப்பரும் மரமும் கைக்குள் எப்படி வளையும் என்பதை அறிந்திருந்தார். ஒருவர் இல்லாமல் மற்றவரால் அந்தக் காலைச் செய்திருக்க முடியாது. முழங்கால் எந்த மணிக்கு எந்த இடத்தில் வலிக்கத் தொடங்கும் என்று எந்தப் பொறியியலாளருக்கும் உங்களைவிட நன்றாகத் தெரியாது.

ஆனால் களத்தில் நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். அங்கே விதி ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் காயத்திலிருந்து வந்தது. திண்டின் தடிப்பால் நீங்கள் நிற்கும் உயரம் மாறும், கவசம் உடலில் பொருந்தும் விதம் மாறும், எழும்பும்போது சறுக்கவும் கூடும். இதையெல்லாம் பயிற்சித் திடலில் பார்த்த பிறகே எவரும் அனுமதிப்பார்கள். எனவே வெள்ளைத் தாளில் அளவோடு வரையுங்கள்: நீளம், அகலம், தடிப்பு, உள்ளே எத்தனை பிடி தும்பு, ரியூப்பை எந்த நூலால் எத்தனை வரி தைத்தீர்கள், வியர்வையில் எத்தனை நாளில் நாறத் தொடங்குகிறது. தேதி போட்டு உங்கள் பெயரை எழுதி மேற்பார்வையாளரிடம் கையில் கொடுங்கள். ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள். தும்புக்குப் பதிலாக வேறு என்ன வைக்கலாம் என்று இங்கே பட்டறையில் நானும் இரண்டு மூன்று தைத்துப் பார்க்கிறேன்.